கிழக்கே பார்த்த மேஜை

அத்தியாயம் பதினான்கு

பந்தயம் கட்டுவது ஸ்ரீரங்கனுக்குப் பழக்கமில்லை. முப்பத்தோரு வருஷம் சர்க்கார் ஆபீஸில் சூபரிண்டெண்டாக உட்கார்ந்து, எதற்கும் நேரடியாகப் பதில் சொல்லாமலே பென்ஷன் வாங்கியவர் அவர். அப்படிப்பட்டவர் போன வாரம் தன் பெண் ஜானுவிடம், மனைவி சுப்புலக்ஷ்மியைச் சாட்சி வைத்து, ஒரு பந்தயத்தில் மாட்டிக்கொண்டார்.

ஜானு கிண்டியில் எஞ்சினியரிங் படித்தவள். அடையாற்றில் குலாம் முகம்மது சாயபுவின் லாந்தர் தொழிற்சாலையில் புரொடக்ஷன் எஞ்சினியர். இந்தச் செய்தியை, பெண் பார்க்க வரப்போகும் தியாகராய நகர் வேம்பு ஐயங்காருக்கு ஸ்ரீரங்கன் எழுதவில்லை. பெண் வீணை வாசிப்பாள் என்று எழுதியிருந்தார். வீட்டில் ஒரு வீணை இருந்தது; அந்த அளவுக்கு அது உண்மை.

சாயபுவின் லாந்தர்களைச் சர்க்கார் இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டது. எண்ணெய் ஒழுகுகிறதாம். மூன்றாம் தவணையான ஐந்நூறு விளக்கையும் இன்ஸ்பெக்டர் திருப்பினால், சாயபு லாந்தரை மூட்டை கட்டிவிட்டுப் பழையபடி தகரப் பெட்டி செய்யப் போய்விடுவார். தகரப் பெட்டிக்கு எஞ்சினியர் வேண்டாம். அப்படி நடந்தால் ஜானு வேலையை மறந்துவிட்டு, வருகிற மாப்பிள்ளைக்குச் சரி சொல்ல வேண்டும். விளக்கு தேறிவிட்டால், என் பெண் தொழிற்சாலைக்குப் போகிறவள், தாலி ஏறிய பிறகும் போவாள் என்று ஸ்ரீரங்கனே தன் வாயால் வேம்பு ஐயங்காரிடம் சொல்ல வேண்டும். இதுதான் பந்தயம்.

இன்ஸ்பெக்டர் வருவதாகச் சொன்னது வியாழக்கிழமை மாலை நாலரை. வேம்பு ஐயங்கார் வருவதாக எழுதியது அதே வியாழக்கிழமை நாலு மணி.

அந்த வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு, மயிலாப்பூர் வீட்டில் சுப்புலக்ஷ்மி சொஜ்ஜிக்கு ரவை வறுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்னா, காலம்பற ஆறு மணிக்குப் போனவ இன்னும் வரலை. நாலு மணிக்குள்ள வந்துடுவாளோ?"

"வரதாவது. நானே போய் அழைச்சுண்டு வரேன். ஒன்றரைக்கு ராகு காலம். அதுக்கு முன்னால ஆத்துல இருப்பா."

"நீங்க கூப்பிட்டா வருவாளா?"

"நாப்பது குமாஸ்தாவைக் கட்டி மேய்ச்சவன் நான்."

"அவா மேஞ்சா," என்றாள் சுப்புலக்ஷ்மி, ரவையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஸ்ரீரங்கன் குளோஸ் கோட்டு மாட்டி, தலைப்பாகை சுற்றி, அங்கவஸ்திரத்தை மடித்துப் போட்டுக்கொண்டு ஜட்காவில் ஏறினார். ஆனி மாசத்து வெயிலில் இத்தனையையும் சுமந்து போகிறவர் ஒன்று மாப்பிள்ளையாக இருக்க வேண்டும், அல்லது ரிட்டயரான சூபரிண்டெண்டாக இருக்க வேண்டும்.

*

அடையாற்றுப் பாலத்தைத் தாண்டி, சவுக்குத் தோப்புக்கு இந்தப் பக்கம் இருந்தது தொழிற்சாலை. நீளமான தகரக் கொட்டகை. கிழக்குச் சுவரில் மூன்று பெரிய ஜன்னல்கள். அந்த ஜன்னல்களை ஒட்டினாற்போல் கடப்பைக் கல் பதித்த ஒரு நீள மேஜை. மேஜைக்கு இந்தப் பக்கம், ஜன்னலைப் பார்த்தபடி முக்காலிகளில் பதினோரு பேர். ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு குமுட்டி அடுப்பு, அதில் காயும் செப்பு முனை வைத்த சூட்டு இரும்பு. லாந்தரின் எண்ணெய் டாங்கிக்கு அடித்தகடு பொருத்தி, ஈயத்தால் பற்ற வைப்பது இவர்கள் வேலை. இந்தப் பற்றுதான் ஒழுகிக்கொண்டிருந்தது.

மேஜைக்குச் சற்று தள்ளி, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டியபடி ஜானு நின்றுகொண்டிருந்தாள்.

"ஜானு, கிளம்பு."

"ஷ்."

ஸ்ரீரங்கனைப் பார்த்து இதுவரை யாரும் 'ஷ்' என்று சொன்னதில்லை. சுப்புலக்ஷ்மி சொல்லியிருக்கிறாள், அது கணக்கில் சேராது.

"என்ன பண்ணிண்டிருக்கே?"

"பாத்துண்டிருக்கேன்."

"பாக்கறது ஒரு உத்தியோகமா?"

"காலம்பற ஏழு மணியிலேருந்து இன்னிக்கு அதுதான் உத்தியோகம். கொஞ்சம் அந்தப் பக்கமா நில்லுங்கோப்பா. வெளிச்சத்தை மறைக்கறேள்."

ஸ்ரீரங்கன் அந்தப் பக்கமாக நின்றார். நின்ற பிறகுதான் அது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

மேஸ்திரி கரீமுல்லா ஒரு முக்காலியைத் துடைத்துக் கொண்டுவந்து போட்டார். தொப்பியும் தாடியுமாக ஐம்பத்தைந்து வயது. ஐயங்காரான ஸ்ரீரங்கனை அவர் எப்போதும் ஐயரே என்றுதான் கூப்பிடுவார், திருத்தியும் பிரயோஜனமில்லை.

"குந்துங்க ஐயரே. அம்மா இப்ப பேசாது. மூணு வாரமா இதே ரோதன."

"என்ன ரோதனை?"

"டாங்கி அடியில ஆணியால கீறச் சொல்லிச்சு. யார் வெச்சது, எத்தினி மணிக்கு வெச்சதுன்னு. ஒழுவினத அல்லாம் நோட்டுல எழுதிக்கிச்சு. மொதல்ல ஒருத்தனும் கீறல. யார் தலய வாங்கவோன்னு பயந்துக்கினாங்க. அம்மா இன்னா சொல்லிச்சு தெரியுமா? இந்த நோட்டு சாயபு கண்ணுல பட்டா நான் வேலய வுட்டுப் பூடறேன்னு சொல்லிச்சு. அதுக்கு அப்பாலதான் கீறினாங்க."

"கீறி என்ன தெரிஞ்சுது?"

"ஆளு மேல தப்பு இல்லன்னு தெரிஞ்சுது. அல்லார் கையிலயும் ஒழுவுது. ஆனா காலைல வெச்சது நூத்துக்கு ரெண்டு. மத்தியானம் ஒரு மணிக்கு மேல வெச்சது நூத்துக்கு இருவத்தஞ்சு."

மத்தியானத்துக்குக் காரணம் கண்டுபிடித்தவர்கள் பலர். சாப்பிட்டுத் தூங்கி வழிகிறார்கள் என்றார் சாயபு. சாப்பாட்டு நேரத்தைத் தள்ளிப்போட்டார்கள், ஒழுகியது. ஈயம் கலப்படம் என்றார் கணக்கர். வேறு கடையில் வாங்கினார்கள், ஒழுகியது. கண் திருஷ்டி என்றார் வாட்ச்மேன் ராஜரத்தினம். பூசணிக்காய் கட்டினார்கள். ஜானு ஒவ்வொன்றையும் மறுக்காமல் செய்து பார்த்து, தேதி போட்டு நோட்டில் எழுதியிருந்தாள். 'பூசணிக்காய்: மாற்றமில்லை. இருபத்தாறு.'

கரீமுல்லா எடுத்துக் காட்டிய அந்த வரியைப் படித்துவிட்டு ஸ்ரீரங்கன் நோட்டை மூடினார். அவருடைய ஆபீஸில் பூசணிக்காய்க்கு ஒரு கமிட்டி போட்டிருப்பார்கள். ஆனால் அதைக் கட்டிய பிறகு எண்ணிப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது.

*

ஒன்று பத்துக்குக் காற்று வந்தது.

சென்னைவாசிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. காலையிலிருந்து வெந்துகொண்டிருக்கும் ஊரில், சொல்லிவைத்தாற்போல் மத்தியானம் கடல் ஒரு கதவைத் திறக்கும். ஜட்காக் குதிரை முதல் ஹைகோர்ட் ஜட்ஜ் வரை ஒரு பெருமூச்சு விடுவார்கள். மேஜை ஓரத்துப் பதினோரு பேரும் விட்டார்கள். அவர்களில் ஒருத்தியான அமீனா பீ முக்காட்டைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி முகத்தை ஜன்னல் பக்கம் காட்டினாள். ஸ்ரீரங்கன் கோட்டின் மேல் பொத்தானைக் கழற்றினார்.

கொட்டகையில் காற்றை அனுபவிக்காத ஆத்மா ஒன்றுதான். ஜானு புகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஈயம் நன்றாக ஓடுவதற்காக நவச்சாரம் தடவுவார்கள். சூட்டு இரும்பு பட்டதும் அதிலிருந்து வெள்ளையாக ஒரு புகை கிளம்பும். காலை முழுவதும் பதினோரு புகையும் நேராக எழுந்து பதினோரு ஜோடிக் கண்ணை எரித்தன. இப்போது பதினோரு புகையும் மேஜையோடு மேஜையாகப் படுத்து மேற்கே ஓடின.

ஜானு மெதுவாகப் போய் அமீனா பீ பக்கத்தில் குந்தினாள்.

"அமீனா பீ, காத்து வந்தப்புறம் கைக்கு ஏதாவது வித்தியாசம் தெரியறதா?"

பற்று வைப்பதில் அமீனா பீதான் அந்த மேஜையின் முதல் கை. அவள் கரீமுல்லாவைப் பார்த்தாள். கரீமுல்லா கூரையைப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்லம்மா."

ஜானு மறுபடி கேட்கவில்லை. காலியாக இருந்த ஒரு சூட்டு இரும்பை எடுத்தாள். ஒரு டாங்கியைத் திருப்பி வைத்து, ஈயத்தை ஓட்டினாள். ஈயம் ஓடவில்லை, உருண்டு உருண்டு மேலேயே உட்கார்ந்தது. இன்னொரு முறை வைத்தாள். கடையில் விற்கும் சீரக மிட்டாய் போல் வரிசையாக நின்றது.

அமீனா பீக்குப் பொறுக்கவில்லை. "இரும்ப புடிக்கறதப் பாரு. தோச திருப்பற மாதிரி. குடும்மா இங்க." வாங்கி, அவளே வைத்தாள். "காலைல ஒரே இழுப்பு. காத்து வந்தா ரெண்டு வாட்டி, மூணு வாட்டி இழுக்கணும். தகரம் சில்லுனு ஆயிடுது இல்ல, ஈயம் உள்ள எறங்காது. மேல பளபளன்னு குந்திக்கும். பாத்தா நல்லாத்தான் கீது."

"எத்தனை நாளாத் தெரியும் உனக்கு?"

"மேஜை இங்க வந்த நாளா."

"ஏன் சொல்லலை?"

அமீனா பீ இரும்பை அடுப்பில் திருப்பி வைத்தாள். "சொன்னா ஜன்னல மூடிருவீங்கோ. பதினோரு அடுப்பு, மேல தகரம். அந்தக் காத்து ஒண்ணுதாம்மா எங்களுக்குன்னு அல்லா அனுப்பறது. அதயும் மூடிட்டா இன்னா பண்றது."

மற்ற பத்துப் பேரும் இரும்பைக் கீழே வைத்துவிட்டார்கள். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. இரண்டு மாதமாகத் தெரிந்திருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு சூபரிண்டெண்ட் என்ன செய்வார் என்பது ஸ்ரீரங்கனுக்கு மனப்பாடம். பதினோரு மெமோ. ஏழு நாளில் விளக்கம். ஜன்னலுக்குப் பூட்டு. அவர் தொண்டையைக் கூடக் கனைத்துக்கொண்டார்.

"ஜன்னலை மூடமாட்டேன்," என்றாள் ஜானு.

அமீனா பீயை நிமிர்ந்து உட்காரச் சொல்லி, மேஜையிலிருந்து அவள் மோவாய் வரை சாணால் அளந்தாள். இரண்டு சாணும் நாலு விரலும். அடுத்தவர், அதற்கடுத்தவர். பதினோரு பேரையும் அளந்துவிட்டு நிமிர்ந்தாள்.

"காத்து முகத்துக்கு வேணும். மேஜைக்கு வேண்டாம். அவ்வளவுதானே? ஜன்னல்ல கீழ்ப் பாதிக்கு மட்டும் தகடு வெச்சு மறைக்கலாம். ரெண்டு சாண் உயரம். மேல் பாதி திறந்தே இருக்கட்டும்."

அவ்வளவுதான் விஷயம். இரண்டு சாண். மூன்று வாரம், ஒரு நோட்டு நிறைய எண்கள், ஒரு பூசணிக்காய், கடைசியில் இரண்டு சாண். ஸ்ரீரங்கனுக்கு என்னவோ செய்தது. கோயில் கர்ப்பக்கிரகத்தில் திரையை விலக்கும்போது கை தானாகக் கூப்பிக்கொள்ளப் போகுமே, அது போல. தகரக் கொட்டகையில் இது நியாயமா என்று தன்னையே கேட்டுக்கொண்டார்.

"ஒண்ணு மட்டும் புரியலை," என்று ஜானு கரீமுல்லா பக்கம் திரும்பினாள். "முன்னே இந்த மேஜை மேற்குச் சுவரோரமா இருந்தது. எல்லாரும் ஜன்னலுக்கு முதுகு காட்டி உக்காந்திருந்தா. காத்து முதுகுல பட்டது. மேஜைக்கு அவா உடம்பே மறைப்பு. யார் இதை இங்கே கொண்டுவந்து போட்டா?"

 கரீமுல்லாவின் கண், தன்னை அறியாமல், ஒரு தலைப்பாகையில் போய் நின்றது.

நடந்தது இது. இரண்டு மாதம் முன்பு, லாந்தர் வேலை தொடங்குவதற்கு முந்திய வாரம், ஜானு மெஷின் பார்க்கக் கோயமுத்தூர் போயிருந்தாள். அப்போது ஸ்ரீரங்கன் தொழிற்சாலையைப் 'பார்வையிட' வந்தார். நெருப்பு வைத்துச் செய்கிற காரியத்தை மேற்கே பார்த்துச் செய்யலாமா, கிழக்கே திருப்பு என்று கரீமுல்லாவுக்கு உத்தரவு போட்டார். எஞ்சினியரம்மாவின் தகப்பனார் சொன்னால் எஞ்சினியரம்மா சொன்ன மாதிரி என்று கரீமுல்லா நினைத்தார். நாள் பார்த்து, தேங்காய் உடைத்து, மேஜையின் கால்களைச் சிமெண்டு வைத்துப் பூசினார்கள். ஊரிலிருந்து வந்த ஜானு, இது சாயபுவின் யோசனை என்று நினைத்துக்கொண்டாள்.

ஜானு தலைப்பாகையைப் பார்த்தாள். 

*

அந்த நேரம் பார்த்து வாசலில் குலாம் முகம்மது சாயபுவின் கார் வந்து நின்றது. பெரிய சரீரம், அதைவிடப் பெரிய குரல்.

"இன்னாம்மா ஆச்சு? தெரிஞ்சுதா இல்லியா? இன்னும் மூணு மணி நேரத்துல அந்த ஆள் வந்துடுவான்."

"தெரிஞ்சுடுத்து," என்றாள் ஜானு. நாலே வாக்கியத்தில் சொன்னாள்.

சாயபுவுக்கு நாலாவது வாக்கியம் வரை முகம் மலர்ந்தது; பிறகு சிவந்தது. "ரெண்டு தவண சரக்கு என் தலயில வந்து உழுந்துச்சு. எந்தக் கழுத இந்த மேஜய இங்க திருப்பிப் போட்டது? சொல்லுங்க. இப்பவே தெரிஞ்சாவணும்."

ஸ்ரீரங்கனின் மூளை பழைய பழக்கத்தில் வேலை செய்தது. 'வாய்மொழி ஆலோசனையே தவிர உத்தரவல்ல' என்று ஒரு வரைவு தயாராயிற்று. 'மேஸ்திரி தன்னிச்சையாக' என்று இரண்டாவது பத்தி. அதை வாயில் கொண்டுவருவதற்குள் பெண் பேசிவிட்டாள்.

"தப்பு என்னுது, சாயபு. மேஜை இடம் மாறினதை நான் பார்த்தேன். நீங்கதான் சொல்லியிருப்பேள்னு நினைச்சு, கேக்காம விட்டுட்டேன். எஞ்சினியர் கேட்டிருக்கணும். அதை நாளைக்குப் பேசிக்கலாம். இப்போ எனக்கு இருபது தகரத் தகடு வேணும், கட்டுக் கம்பி வேணும், உங்க டிரைவரும் வேணும்."

சாயபு திறந்த வாயை மூடிக்கொண்டு டிரைவரைக் கூப்பிடப் போனார்.

'தப்பு என்னுது.' முப்பத்தோரு வருஷத்தில், மூன்று துரைமாருக்கும் ஆறு சுதேசி அதிகாரிகளுக்கும் கீழே, ஸ்ரீரங்கன் இந்த இரண்டு வார்த்தையைக் கேட்டதே இல்லை. ஃபைலில் பார்த்ததும் இல்லை. இது தமிழில் இருக்கிறது என்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

பிறகு நடந்ததை அவர் ஒரு விசேஷமான இடத்திலிருந்து பார்த்தார். முதல் இரண்டு ஜன்னல்களில் தகடுகளைக் கட்டுக் கம்பியால் ஜன்னலின் இரும்பு அழிகளோடு கட்டிவிட்டார்கள். மூன்றாவது ஜன்னலில் அழியே இல்லை. எப்போதோ துருப்பிடித்து விழுந்துவிட்டது. சுவரில் ஆணி இறங்கவில்லை.

"அப்பா, வெளிப்பக்கம் போய் இதைக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்கோ."

"ராகு காலம் ஜானு."

"ராகு காலத்துல பிடிச்சாலும் தகடு நிக்கும்."

ஸ்ரீரங்கன் வெளியே போனார். முதுகில் கடல் காற்று, தலையில் வெயில், கையில் இரண்டு சாண் தகரம். தலைப்பாகை காற்றில் அவிழ்ந்து தோப்புப் பக்கம் போனது. துரத்திப் போக முடியவில்லை. தகட்டுக்கு மேலே அவர் மூக்கும் கண்ணும் நெற்றியும் மட்டும் உள்ளே இருந்தவர்களுக்குத் தெரிந்தன.

உள்ளே, பதினோரு புகையும் மேஜையிலிருந்து நேராக எழுந்தன. மோவாய் உயரம் வரை கோடு கிழித்தாற்போல் வந்து, அங்கே ஒன்றாகத் தலை சாய்த்து ஓடின. ஒரே ஜன்னலில் காற்றையும் காற்றில்லாத இடத்தையும் பாகம் பிரித்து வைத்திருந்தாள் அவர் பெண். முக்காடுகளும் தலைமுடியும் பறந்தன. அவற்றுக்கு ஒரு முழம் கீழே அடுப்புச் சாம்பல் அசையவில்லை.

ஸ்ரீரங்கன் தகட்டை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

ஐந்நூறு விளக்கையும் மறுபடி பற்ற வைக்க நேரமில்லை. வேண்டியதும் இல்லை. ஜானு எல்லா டாங்கியையும் தலைகீழாகக் கவிழ்க்கச் சொன்னாள். ஆணிக் கீறல் பேசியது. ஒரு மணிக்கு முந்தியவை இந்தப் பக்கம்; பிந்தியவை அந்தப் பக்கம். இருபது நிமிஷத்தில் நூற்று அறுபத்து நாலு டாங்கி தனியே நின்றது. அந்த நூற்று அறுபத்து நாலுதான் வேலை.

அவள் கத்தவில்லை. ஓடவும் இல்லை. ஆளுக்கு ஒரு இரும்பு இருந்ததை இரண்டாக்கினாள். ஒன்று கையில் இருக்கும்போது ஒன்று அடுப்பில். கொட்டகைக் கோடியில் இருந்த தண்ணீர்த் தொட்டியை மேஜைக்குப் பக்கத்தில் நகர்த்தினாள். பற்ற வைத்த டாங்கிக்குள் பம்பால் காற்றடித்து உடனே தண்ணீரில் அமுக்கிப் பார்த்தார்கள். குமிழி வந்தால் அதே கைக்கு அப்போதே திரும்பிப் போனது. திட்டில்லை, கீறலில்லை, இன்னொரு இழுப்பு மட்டும். ஒருத்தருக்குக் கை தளர்வதை அவர் உணரும் முன்னால் இவள் கண்டு, அவரைத் தொட்டிப் பக்கம் மாற்றிவிட்டு, தொட்டியில் இருந்தவரை முக்காலியில் உட்காரவைத்தாள். மூன்று மணிக்கு எல்லோருக்கும் மோர் வந்தது. அதை எப்போது சொல்லியனுப்பினாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

"ஐயரே, கை வலிக்குதா? நான் புடிக்கட்டா?" என்று கரீமுல்லா கேட்டார்.

"வேண்டாம் ஓய். நீர் உள்ளே போம். உம்ம வேலை அங்கே இருக்கு."

நூறாவது டாங்கி தண்ணீரில் அமுங்கியது. எல்லோரும் பார்த்தார்கள். தண்ணீர் சும்மா இருந்தது. தண்ணீர் சும்மா இருப்பதைப் பார்க்க இத்தனை அழகாக இருக்கும் என்று ஸ்ரீரங்கனுக்கு யாரும் சொன்னதில்லை.

*

இன்ஸ்பெக்டர் நாலரைக்குச் சரியாக வந்தார். குடையும் ஒல்லி உடம்புமான மனிதர். சிரிப்பதைக் குற்றமாக நினைப்பவர். ஐந்நூறில் தன் இஷ்டத்துக்கு இருபத்தைந்தைப் பொறுக்கினார். இரண்டு ஒழுகினால் மன்னிப்பு. மூன்று ஒழுகினால் வண்டி திரும்பும்.

ஏழாவது டாங்கியில் குமிழி வந்தது. சாயபு தஸ்பீஹ் ஜபமணியை உருட்ட ஆரம்பித்தார்.

பத்தொன்பதாவதில் இன்னொன்று.

இருபது. இருபத்தொன்று. ஜானு மேஜைமேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். அவள் தண்ணீரைப் பார்க்கவில்லை; அமீனா பீயின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்து மூன்று. இருபத்து நாலு. இன்ஸ்பெக்டர் கடைசி டாங்கியை எடுத்து, திருப்பி, அடியில் இருந்த கீறலை விரலால் தடவி, இது என்ன என்று கேட்டார்.

"வெச்சவா அடையாளமும் மணியும்," என்றாள் ஜானு.

"எதுக்கு?"

"ஒழுகினா யாரைக் கேக்கணும்னு தெரியறதுக்கு."

"தண்டிக்கறதுக்கா?"

"கேக்கறதுக்கு."

இன்ஸ்பெக்டர் அவளை ஒரு தரம் பார்த்தார். டாங்கியைத் தண்ணீரில் அமுக்கினார்.  தண்ணீர் சும்மா இருந்தது.

அவர் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டுவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு போனார். சாயபு கரீமுல்லாவைக் கட்டிக்கொண்டார். அமீனா பீ முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள், அல்லது சிரித்தாள். எல்லாம் அடங்கிய பிறகுதான் ஜன்னலுக்கு வெளியே ஒருவர் இன்னமும் தகட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பதை ஜானு கவனித்தாள்.

"போறும்பா. விடுங்கோ."

*

ஜட்கா பாலத்தில் ஏறியபோது ஸ்ரீரங்கன் கேட்டார்.

"சாயபு கேட்டப்போ என் பேரைச் சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா அவர் உங்களைத் திட்டி முடிக்கவே ஒரு மணி நேரம் ஆயிருக்கும். எங்கிட்ட மூணுதான் இருந்தது."

"அதுக்காகத்தானா?"

"அதுக்காகத்தான்."

 பித்ருபக்தி என்று ஏதாவது வரும் என ஸ்ரீரங்கன் எதிர்பார்த்திருந்தார். வந்ததோ மணிக்கணக்கு. ஆனால் அதனாலேயே அது உண்மை என்று பட்டது.

"நாளைக்கு அந்த மேஜையைப் பேர்த்தெடுக்கணும்," என்றாள் ஜானு. "சிமெண்டை நன்னாப் பூசியிருக்கேள்."

மயிலாப்பூர் வந்து சேர்ந்தபோது ஆறரை. வாசலில் மூன்று ஜோடிச் செருப்பு அப்படியே இருந்தது. ஜானு கொல்லை வழியாகப் போனாள்.

கூடத்தில் வேம்பு ஐயங்கார், ரிட்டயர்ட் சப்ஜட்ஜ், பாக்கெட் கடிகாரத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி. வைர மூக்குத்தி, அதிகம் பேசாத அம்மாள். சற்றுத் தள்ளி மாப்பிள்ளை ஸ்ரீனிவாசராகவன். சுப்புலக்ஷ்மி இரண்டரை மணி நேரத்தில் ரேஷன் சர்க்கரை முழுவதையும் இரண்டு தவணை சொஜ்ஜியாக்கி, மூன்று தடவை காப்பி கொடுத்து, சம்பந்தியம்மாளைப் பாடவும் வைத்துவிட்டாள். இனி அவளிடம் செய்வதற்கு ஒன்றும் பாக்கியில்லை.

"என்ன ஓய்," என்றார் வேம்பு ஐயங்கார். "வீணைப் பாடம் இன்னும் முடியலையா?"

ஸ்ரீரங்கன் உட்கார்ந்தார். தலைப்பாகை இல்லை. கோட்டில் கரி. உள்ளங்கை இரண்டிலும் தகடு பதிந்த சிவப்புக் கோடு.

"வீணைன்னு எழுதினது பொய். எம் பொண்ணு அடையாத்துல லாந்தர் பண்ற எடத்துல எஞ்சினியர். கல்யாணம் ஆனாலும் போவா."

பந்தயம் அத்தோடு தீர்ந்தது. அவர் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. புகை படுத்ததைச் சொன்னார். அமீனா பீ சொன்னதைச் சொன்னார். இரண்டு சாணைத் தன் மோவாயிலேயே அளந்து காட்டினார். ஐந்நூறில் நூற்று அறுபத்து நாலு எப்படித் தனியே வந்தது என்பதை விரல் விட்டுச் சொன்னார். ஸ்ரீரங்கன் கூடத்தில் உட்கார்ந்து கால் மணி நேரம் பேசி, அதில் 'என் சர்வீஸில்' என்ற வார்த்தை ஒரு தடவைகூட வராதது அந்த வீட்டில் முதல் முறை. சுப்புலக்ஷ்மி கையில் டபராவோடு அப்படியே நின்றுவிட்டாள். கதவுக்குப் பின்னால் ஈரத் தலையோடு ஜானு நின்றிருந்தாள்.

"அந்த மேஜையைக் கிழக்கே திருப்பச் சொன்ன கழுதை யாருன்னு சாயபு கேட்டார்," என்றார் கடைசியில். "அங்கே வாய் வரலை. இங்கே சொல்றேன். நான்தான். தப்பு என்னுது."

கதவுக்குப் பின்னால் ஜானு கையிலிருந்த துண்டை முகத்தில் வைத்துக்கொண்டாள்.

வேம்பு ஐயங்கார் கடிகாரத்தை மூடினார். அந்தச் சத்தம் கூடம் முழுவதும் கேட்டது.

"ரெண்டரை மணி நேரம் உக்கார வெச்சு, எங்களுக்கு லாந்தர் கதை சொல்றேள். சாயபு பட்டறையில பொண்ணு. அதைப் பெருமையா வேற சொல்றார் தகப்பனார்." எழுந்து அங்கவஸ்திரத்தை உதறிக்கொண்டார். "கிளம்பு. டேய் சீனு, நீயும்தான்."

ஸ்ரீனிவாசராகவன் எழுந்தான், முழுவதும் எழவில்லை. நாற்காலியின் கையைப் பிடித்தபடி பாதியில் நின்று, அம்மாவைத் திரும்பிப் பார்த்தான்.

அம்மாள் எழுந்திருக்கவில்லை. தூக்கிச் செருகியிருந்த புடவைத் தலைப்பைத் தழைய விட்டு, இன்னும் கொஞ்சம் சௌகரியமாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"நீங்க போறதானா போங்கோ," என்றாள், மாலை முழுவதிலும் முதல் தடவையாகக் கணவரைப் பார்த்து. "எனக்கு அந்தப் பொண்ணோட பேசணும்."